எங்க ஊரு வாரப் பத்திரிகையோட வரலாற எங்க இருந்து ஆரம்பிக்கணும்? (குழித்துறை – மார்த்தாண்டம் பக்கம்)

ஆத்தங்கரைக்காரி (குழித்துறை)

எல்லாருக்கும் வணக்கம். சின்ன டவுண்ல வந்துகிட்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையோட வரலாற எழுதணும்னா எதுல இருந்து தொடங்கணும், இந்த மாதிரி வேலை பண்ணினவங்க யாராவது இங்க இருந்தா வழி சொல்லுங்க. எனக்க பாட்டா (தாத்தா) அந்தப் பத்திரிகைக்கு ஏஜெண்டா இருந்தாரு, கூடவே ஊர் செய்தியும் எழுதிக் குடுப்பாராம். அவரு சேர்த்து வச்ச பழைய இதழ் எல்லாம் சாக்குல கட்டி மச்சுல கெடக்கு. வீட்ட இடிச்சுக் கட்டப் போறாங்க, மாமா எல்லாத்தையும் ஆக்கர் (பழைய பேப்பர்) கடைக்கு போட்டுரலாம்னு சொல்லிட்டே இருக்காரு, நான்தான் தடுத்து வச்சிருக்கேன்.

பத்திரிகை பேர இங்க போடல, நடத்தினவங்க குடும்பம் இப்பவும் பக்கத்துலதான் இருக்கு, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம போடறது சரியில்ல.

பாதி இதழுக்கு முதல் பக்கத்தோட மேல்பாகம் பூச்சி தின்னு தேதியே இல்ல. உள்ள இருக்கிறது பூரா சின்னச் சின்ன விஷயம்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணி மட்டம், ரப்பர் ஷீட் விலை, ஆடி அமாவாசை வாவுபலி பொருட்காட்சி விளம்பரம், சிவராத்திரி சிவாலய ஓட்டத்துக்கு யாரு எங்க மோர்ப் பந்தல் போட்டாங்க, கோர்ட்டு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. சில இதழ்ல அரைப் பக்கம் மலையாளமும் இருக்கு. எப்ப நின்னுச்சுன்னு கேட்டா ஒருத்தரு எமர்ஜென்சின்னு சொல்றாரு, இன்னொருத்தரு இல்ல இல்ல அதுக்கு அப்புறமும் வந்துச்சுன்னு சொல்றாரு. மாமா கேக்காரு, தலையங்கத்தையும், தமிழ்நாட்டோட சேர நடந்த எல்லைப் போராட்டச் செய்தியையும் மட்டும் கிழிச்சு ஒரு பைல்ல வச்சுட்டு மிச்சத்த போட்டா என்னன்னு. அது போதுமா? சீக்கிரம் சொல்லுங்க, இடிக்கிற ஆள் வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும்.

நாஞ்சில் வாசகன் (நாகர்கோவில்)

தங்கச்சி, முதல்ல அந்தச் சாக்க எடுத்து வேற வீட்டுக்கு மாத்துங்க, அப்புறம் மத்தது.

உங்க பத்திரிகைக்கு முன்னாடி என்ன இருந்துச்சுங்கறத ஒரு அத்தியாயமாவது எழுதியாகணும். நம்ம மாவட்டத்துல அச்சுத்தொழில் ரொம்பப் பழசு, லண்டன் மிஷன் சங்கத்து மீட் ஐயர் 1820 வாக்குலயே நாகர்கோவில்ல அச்சகம் வச்சுட்டாரு. ஆனா அச்சகம் இருக்கிறது வேற, பத்திரிகை நடத்துறது வேற. திருவிதாங்கூர்ல 1926-ல வாட்ஸ் திவானா இருந்தப்ப பத்திரிகைகள கட்டுப்படுத்த தனியாச் சட்டமே கொண்டு வந்தாங்க, 1938-ல திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்துல மலையாள மனோரமாவையே பூட்டி சீல் வச்சுட்டாங்க, அது திரும்ப வந்தது 1947-ல. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே அந்த நிலைமைன்னா குழித்துறைல காலால மிதிச்சு ஓட்டுற ஒரு ட்ரெடில் அச்சு மிஷின் வச்சிருந்த ஆளுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சுதந்திரத்துக்கு அப்புறம்தான் தமிழ்ப் பத்திரிகைக்கு இங்க மூச்சு வந்துச்சு. தினமலர் இன்னைக்கு எங்கெங்கயோ அச்சாகுது, ஆனா அது 1951 செப்டம்பர் 6 அன்னைக்கு டி.வி. ராமசுப்பையர் திருவனந்தபுரத்துல தொடங்கினது. அவரு நம்ம நாகர்கோவில்காரரு. நம்ம பகுதி தமிழ்நாட்டோட இணைஞ்சு முடிஞ்சப்புறம் 1957-லதான் திருநெல்வேலிக்குப் போச்சு. இணைப்புக்காகப் போராடின நேசமணி ஐயா கூட்டம், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூடு, 1956 நவம்பர் 1-ல தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோட சேர்ந்தது, இதையெல்லாம் உங்க ஊர்ப் பத்திரிகை எப்படி எழுதிச்சுங்கறதுதான் எனக்குப் பெருசாப் படுது. மார்த்தாண்டத்துல சுட்டது அவங்க வாசல்ல நடந்த மாதிரி, வெளியூர் நிருபர் எழுதினது இல்ல. அதனால தலையங்கத்துக்கு முதல் இடம் குடுங்க, ஆனா கிழிச்சு எடுக்காதீங்க, முழு இதழா வையுங்க.

ஈய எழுத்து (மார்த்தாண்டம்)

மக்களே, இந்தத் தொழில்தான் எனக்குச் சோறு போட்டது, பதினாறு வயசுல கேஸ் (ஈய எழுத்து போட்டு வைக்கிற பெட்டி) முன்னாடி நின்னவன், கம்ப்யூட்டர் வந்து டிடிபி ஆன வரைக்கும் நின்னேன். வாசகன் தம்பி சொன்ன சரித்திரம் எல்லாம் சரிதான். ஆனா தலையங்கத்துக்கு முதல் இடம்னு சொன்னத நான் ஒத்துக்க மாட்டேன். தலையங்கம் ஆசிரியரு ஒருத்தரு எழுதினது, அத மெட்ராஸ் பத்திரிகையப் பாத்தும் எழுதலாம். அணைத் தண்ணி மட்டமும், செத்தவங்க பேரும், யாரு கடை தொறந்தாங்கறதும் அந்த ஊர்ல இருந்தாத்தான் எழுத முடியும். ஜனங்க காசு குடுத்து வாங்கினது அதுக்குத்தான். பேச்சிப்பாறை 48 அடி நிறையுமா நிறையாதான்னு தெரிஞ்சாத்தான் கடைமடைக்காரன் நாத்துப் பாவலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவான்.

இப்ப தேதி இல்லாத இதழ எப்படி வரிசைப்படுத்துறதுன்னு சொல்றேன், இது எந்தப் புஸ்தகத்துலயும் கெடைக்காது. சின்ன அச்சகத்துல எழுத்து பத்தாது. நாலு பக்கத்தையும் ஒரே நேரத்துல கோத்து நிறுத்த ஈயம் இருக்காது, அதனால உள்பக்கம் ரெண்டையும் முதல்ல கோத்து, புரூஃப் பாத்து, செஸ்ல (இரும்புச் சட்டத்துல) இறுக்கி அடிச்சு முடிச்சுட்டு, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, அந்த எழுத்தையே பிரிச்சு கேஸ்ல போட்டப்புறம்தான் வெளிப்பக்கம் ரெண்டும் கோப்போம். அதனால உள்பக்கத்துல இருக்கிறது நாலஞ்சு நாள் பழைய சேதியா இருக்கும், முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் புதுசு. கடைசிப் பக்கத்து மூலைல பொடி எழுத்துல நாலு வரி நெருக்கி வச்சிருந்தா அது மிஷின் ஓடப் போற நேரத்துல வந்த சேதி, அத நல்லா பாருங்க, பெரும்பாலும் சாவு இல்லன்னா பஸ் விபத்து.

ஆனா விளம்பரத்த மட்டும் பிரிக்க மாட்டோம். மாசக் கணக்கு, வருஷக் கணக்கா வர்ற விளம்பரம்னா நூலால கட்டி பலகைல அப்படியே வச்சிருப்போம், வாரா வாரம் எடுத்துச் சேப்போம். ஈயம் தேயும், ஒரு நாள் கீழ விழுந்து ஒரு எழுத்தோட வால் ஒடியும், மாத்தறதுக்கு நேரம் இருக்காது, ஒடிஞ்சபடியே ஓடும். ஒரே விளம்பரம் எல்லா இதழ்லயும் இருந்தா அத வரிசையா வச்சு லென்ஸ்ல பாருங்க, ஒடியாத எழுத்து இருக்கிறது முந்தினது, ஒடிஞ்சது பிந்தினது, ரெண்டு ஒடிஞ்சது அதுக்கும் பிந்தினது. தலையங்கம் வாரா வாரம் புதுசாக் கோக்கிறது, அதுல இந்தக் கணக்கு வராது. அதனாலதான் சொல்றேன், விளம்பரத்த எறியாதீங்க.

படத்த வச்சு மட்டும் வருஷம் சொல்லாதீங்க. பிளாக் (படம் அடிக்கிற அச்சுக்கட்டை) வெட்டுறதுக்குச் செலவு ஜாஸ்தி, ஒரு தலைவர் படம் ஒருக்கா வெட்டினா அவரு செத்தாலும் வாழ்ந்தாலும் அதே படம்தான் ஓடும்.

பாறசாலை_தமிழ் (பாறசாலை)

ஈய எழுத்து அண்ணாச்சி எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். நான் எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளால இருக்கேன், வீட்ல தமிழ், ஸ்கூல்ல மலையாளம் படிச்சவ, அதனால அந்த மலையாள அரைப்பக்கம் பத்திச் சொல்றேன். 1956-க்கு முன்னாடி உங்க கோர்ட்டும் ஆபீசும் பெரும்பாலும் மலையாளத்துலதான் நடந்துச்சு, நோட்டீசும் அப்படித்தான் வந்திருக்கும். அந்த அரைப்பக்கத்துல இருக்கிறது கோர்ட்டு நோட்டீசா இல்ல கடை விளம்பரமான்னு பாருங்க. கோர்ட்டு நோட்டீஸ்னா இணைப்புக்கு முந்தினதா இருக்க வாய்ப்பு அதிகம், கடை விளம்பரம்னா எந்தக் காலத்துலயும் வந்திருக்கலாம், களியக்காவிளைச் சந்தைக்கு இன்னைக்கும் ரெண்டு பக்கத்து ஆளும்தான வர்றாங்க.

நோட்டீஸ்ல 1120, 1123 மாதிரி ஆண்டு போட்டிருந்தா பயந்துராதீங்க, அது கொல்லம் ஆண்டு, 825 கூட்டிக்கோங்க, சிங்கம் (ஆவணி) மாசம் பொறந்து டிசம்பர் முடியிற வரைக்கும் மட்டும் 824. வெலை சக்கரத்துல இருந்தாலும் திருவிதாங்கூர்க் காலம்தான், 28 சக்கரம் ஒரு ரூபா.

முக்கியமா ஒண்ணு. எல்லாரும் பழைய பத்திரிகைன்னா உடனே சென்னைக்கு ஓடுறாங்க. உங்க பத்திரிகை 56-க்கு முன்னாடி தொடங்கினதா இருந்தா அப்ப தலைநகரம் திருவனந்தபுரம். அனுமதி கேட்ட மனு, புகார், போலீஸ் ரிப்போர்ட் ஏதாவது இருந்தா இங்க கேரள மாநில ஆவணக்காப்பகத்துலதான் தேடணும். அரசாங்கத்துக்குப் பிடிக்காத பத்திரிகையப் பத்தித்தான் பைல் தடியா இருக்கும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை எங்க நெய்யாற்றின்கரைக்காரர், 1910 செப்டம்பர்ல அவரு ஆசிரியரா இருந்த சுதேசாபிமானி பத்திரிகையோட அச்சகத்தப் பிடுங்கி அவர நாடு கடத்தினாங்க, ஆரல்வாய்மொழி தாண்டி திருநெல்வேலிப் பக்கம் கொண்டு விட்டாங்க. மலையாளப் பத்திரிகைக்காரர் ஒருத்தர தமிழ்நாட்டு எல்லை வழியாத்தான் வெளிய தள்ளினாங்கன்னு நம்ம பிள்ளைங்களுக்கே தெரியாது. அப்புறம் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி, 1829-ல தொடங்கினது, அங்கயும் பாருங்க.

ஆத்தங்கரைக்காரி (குழித்துறை)

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சாக்க அத்தை வீட்டுக்கு மாத்தியாச்சு. கொல்லம் ஆண்டு எதுலயும் இல்ல, சக்கரமும் இல்ல. வெலை போட்ட இடம் தப்பிச்ச இதழ்ல கொஞ்சத்துல அணா, கொஞ்சத்துல ந.பை., மிச்சத்துல பைசா. சிலதுல ஊர் பேருக்குப் பக்கத்துல பின்கோடு இருக்கு, சிலதுல இல்ல. இத வச்சு ஏதாவது சொல்ல முடியுமா? தவிர, கடைசிப் பக்கத்து அடியில பொடி எழுத்துல அச்சிட்டவர் வெளியிடுபவர்னு ஒரு வரி வருது, அது எதுக்கு? தாள் வேற தொட்டா அப்பளம் மாதிரி ஒடியுது.

ஏட்டுச்சுவடி (சென்னை, சொந்த ஊர் திருவட்டாறு)

நான் நூலகத்துல வேலை பாக்குறேன், பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

வெலை: நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1, 'நயா'வ எடுத்தது 1964 ஜூன் 1. அப்ப ந.பை. போட்ட இதழ் எல்லாம் ஏறக்குறைய அந்த ஏழு வருஷத்துக்குள்ள, அணா மட்டும் இருக்கிறது அதுக்கு முந்தினது, பைசா அதுக்குப் பிந்தினது. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல வந்தது, அது இருந்தா அதுக்கு அப்புறம்தான். மாநிலத்து பேர் 'சென்னை'ன்னு இருக்கா 'தமிழ்நாடு'ன்னு இருக்கா பாருங்க, சட்டப்படி மாறினது 1969 ஜனவரி 14. எழுத்தையும் பாருங்க: ணை, லை, ளை, னை இதுக்கெல்லாம் பழைய அச்சுல மேல வளைஞ்ச கொம்பு இருக்கும், எம்.ஜி.ஆர் அரசு 1978-ல சீர்திருத்த ஆணை போட்டப்புறம் இப்ப நாம எழுதுற மாதிரி ஆச்சு. ஆனா இதுல ஒரு எச்சரிக்கை, புது எழுத்து வாங்கக் காசில்லாத அச்சகம் பல வருஷம் பழைய எழுத்தையே வச்சு ஓட்டியிருக்கும், பெரியார் பத்திரிகைகள்ல 1935-லயே புது எழுத்து வந்துருச்சு. அதனால எழுத்து துணைச் சாட்சி, வெலைதான் நல்ல சாட்சி.

அந்தப் பொடி வரிதான் உங்களுக்குப் புதையல். அப்ப இருந்த 1867 பத்திரிகைச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிடுபவர், அச்சான இடம் எல்லா இதழ்லயும் போட்டாகணும்னு இருந்துச்சு, போடலன்னா தண்டனை. ஆசிரியர் மாறாம அச்சகம் மட்டும் மாறியிருந்தா அந்த வரில தெரிஞ்சுரும், அப்ப பணக் கஷ்டமோ பங்காளிச் சண்டையோ ஏதோ ஒண்ணு நடந்திருக்கு. அதவிட முக்கியம், 1956 விதிகள்படி ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி முடிஞ்சு வர்ற முதல் இதழ்ல 'படிவம் 4'னு உரிமையாளர் விவரம் போடணும்னு இருந்துச்சு, உரிமையாளர், ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் எல்லார் பேரும் முகவரியும் அதுல வரும். மார்ச் மாச இதழ தனியா எடுத்து வருஷ வாரியா அடுக்கினாலே பாதி வரலாறு முடிஞ்சுரும். எந்த வருஷத்துக்கு அப்புறம் படிவம் 4 வரலயோ அங்க பத்திரிகை மூச்சு திணற ஆரம்பிச்சிருக்குன்னு சந்தேகப்படலாம்.

வேற பிரதி தேடணும்னா, 1954-ல வந்த நூல் வழங்கல் சட்டத்துல 1956-ல பத்திரிகையையும் சேத்தாங்க, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாராவுக்கும் ஒவ்வொண்ணு போகணும், மும்பை டெல்லிக்கும் உண்டு. சின்னப் பத்திரிகைங்க தபால் செலவுக்குப் பயந்து ஒழுங்கா அனுப்ப மாட்டாங்க, இருந்தாலும் கன்னிமாராவுல கேளுங்க, தரமணி ரோஜா முத்தையா நூலகத்துலயும் கேளுங்க.

தாள் பத்தி. செய்தித்தாள் மரக்கூழ்ல செஞ்சது, அதுல உள்ள அமிலமே அத தின்னுரும், வெயில் பட்டா இன்னும் வேகமா ஒடியும். காய வைக்கிறேன்னு மொட்டை மாடில பரப்பிராதீங்க. செல்லோடேப் ஒட்டவே கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. மடிப்ப அழுத்தாம விரிச்சு, தட்டையாப் படுக்க வச்சு, நடுவுல சுத்தமான வெள்ளைத் தாள் வச்சு அட்டைப்பெட்டில போடுங்க. முதல் வேலை போட்டோ: ஜன்னல் பக்கத்து நிழல் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம், போனை நேர் மேல பிடிச்சு, விளம்பரம் உட்பட முழுப் பக்கமும் எடுங்க. ஈய எழுத்து ஐயா சொன்ன ஒடிஞ்ச எழுத்து கணக்கு எங்க துறைலயும் பழைய நூல்களுக்குப் பண்றதுதான், ஆனா கையால கோத்தவரு வாயால கேக்கிறது வேற.

செங்கோட்டை மழை (செங்கோட்டை)

எங்க தாலுகாவும் திருவிதாங்கூர்ல இருந்து வந்ததுதான், பாதி உங்களோட சேர்ந்து இந்தப் பக்கம் வந்துச்சு, பாதி அங்கயே நின்னுருச்சு. கொல்லம் ரயில் 1904-லயே வந்ததால எங்களுக்கு மலையாளப் பேப்பர் வண்டிலயே வந்துரும். உங்களுக்கு ரயில் வந்ததே 1979-ல, அதுவரைக்கும் பேப்பர் கட்டு பஸ்ஸுலதான் வந்தாகணும், பஸ் லேட்னா பேப்பர் லேட். உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு உங்க பக்கம் அவ்வளவு எடம் இருந்ததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்னு தோணுது. பாட்டா ஏஜெண்டா இருந்தாருன்னா அவரோட கணக்கு நோட்டு எங்கயாவது கெடக்கும், தேடுங்க. எந்த ஊருக்கு எத்தன பிரதி, எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு அதுலதான் இருக்கும், பத்திரிகையில போடுற விற்பனைக் கணக்க விட அது நம்பகமானது.

ஆத்தங்கரைக்காரி (குழித்துறை)

மார்ச் இதழ் எல்லாம் பிரிச்சு எடுத்துட்டேன். படிவம் 4 இருக்கு! ஆனா ஒண்ணு புரியல. ஆசிரியர் பேர் நாங்க கேள்விப்பட்ட அதே பேர்தான், உரிமையாளர், வெளியிடுபவர்ங்கற இடத்துல ஒரு பெண் பேர் இருக்கு. முதல்ல கெடைச்ச படிவத்துல இருந்து கடைசி வரைக்கும் அதே பேர். ஊர்ல யாரு கிட்ட கேட்டாலும் ஆசிரியரப் பத்தித்தான் சொல்றாங்க, இவங்களப் பத்தி ஒருத்தர் கூட ஒரு வார்த்தை சொன்னதில்ல. கடைசிப் படிவம் 1979. கணக்கு நோட்டு இன்னும் கெடைக்கல, அத்தை பழைய டிரங்குப் பெட்டில பாக்கிறேன்னு சொல்லிருக்காங்க.

ஈய எழுத்து (மார்த்தாண்டம்)

நீங்க பேரு போடாட்டியும் எந்தப் பத்திரிகைன்னு எனக்கு இப்ப தெரிஞ்சு போச்சு, நானும் போடல. அது ஆசிரியரோட வீட்டம்மா. அந்த அச்சகத்துல நான் கொஞ்ச நாள் வேலை பாத்தேன். மிஷின் வாங்கினது அவங்க நகைய வித்துன்னு பெரிய கம்பாசிட்டர் சொல்லிக் கேட்டிருக்கேன். பேருக்கு உரிமையாளர்னு நெனைக்காதீங்க, சந்தாக் கணக்கு அவங்க, காகிதக் கடைக்காரன் கிட்ட கடன் சொல்றது அவங்க, முகவரிச் சீட்டு ஒட்டுறதுக்கு மரச்சீனி (மரவள்ளி) மாவுல பசை காச்சிக் கொண்டு வாறதும் அவங்க. வியாழக்கிழமை ராத்திரி நாங்க முழிச்சிருந்தா கட்டன்சாயா போட்டுத் தருவாங்க. கல்யாணக் கார்டும் நோட்டீசும் பிடிச்சு வந்ததும் அவங்கதான், அந்த ஜாப் வேலை இல்லன்னா பத்திரிகை ஆறு மாசம் ஓடியிருக்காது. வாரப் பத்திரிகையில லாபம் பாத்தவன நான் பாத்ததே இல்ல, கார்டு அடிச்ச காசுலதான் பத்திரிகை வந்துச்சு. ஆசிரியரு எழுதினது நல்ல எழுத்து, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்த அம்மா இல்லாம ஒரு இதழ் வெளிய வந்திருக்காது, இத எழுதாம வரலாறு எழுதினா நான் சண்டைக்கு வருவேன்.

அந்த வீட்டுக்குப் போனா பழைய கல்யாணக் கார்டு மாதிரி வச்ச ஆல்பம் இருக்கான்னு கேளுங்க. கார்டுல தேதி கண்டிப்பா இருக்கும். அதே ஒடிஞ்ச எழுத்து கார்டுலயும் இருந்தா உங்க தேதியில்லா இதழுக்கு மாசம் வரைக்கும் சொல்லிரலாம்.

நாஞ்சில் வாசகன் (நாகர்கோவில்)

அண்ணாச்சி சொன்னதுக்கு அப்புறம் நான் தலையங்கம் தலையங்கம்னு சொல்ல மாட்டேன். 1979-க்கு அப்புறம் ஏன் நின்னுச்சுங்கறதுக்கும் அந்தச் சந்தாக் கணக்குலதான் பதில் இருக்கும். தங்கச்சி, எமர்ஜென்சில நின்னுச்சுன்னு சொன்னவரையும் தள்ளிராதீங்க, 1975 ஜூன்ல இருந்து 77 வரைக்கும் தணிக்கை இருந்துச்சு, இடையில சில மாசம் வராம இருந்திருக்கலாம். அந்தக் காலத்து இதழ் விட்டுவிட்டு இருக்கான்னு பாருங்க.

பாறசாலை_தமிழ் (பாறசாலை)

அணா போட்ட இதழ்ல ஏதாவது 56-க்கு முந்தினதுன்னு உறுதியாச்சுன்னா சொல்லு, அச்சகத்து பேரும் ஊரும் மட்டும் மெசேஜ்ல அனுப்பு. ஆவணக்காப்பகத்துல அனுமதி வாங்கி நானே பாக்கிறேன், மலையாளப் பைல் படிக்கிறதுக்கு உனக்கு ஆள் வேணும்ல.

ஆத்தங்கரைக்காரி (குழித்துறை)

அனுப்பிட்டேன் அக்கா. அந்த அம்மாவோட மகள் இப்ப இருக்காங்க, போன் பண்ணினேன், பேர் போடலாமான்னு கேட்டதுக்கு அம்மா பேரையும் சேத்துப் போடுறதா இருந்தா போடுன்னு சொன்னாங்க. கார்டு ஆல்பம் ரெண்டு இருக்காம், நேர்ல வரச் சொல்லிருக்காங்க. எமர்ஜென்சி இதழ் மொத்தத்துல மூணுதான் இருக்கு, மூணுலயும் தலையங்கம் இல்ல.

ஈய எழுத்து (மார்த்தாண்டம்)

நானும் வாறேன் மக்களே, அந்தப் பொண்ணு என்ன அடையாளம் தெரிஞ்சுக்கும். என் லென்ஸ எடுத்துட்டு வாறேன். அதுக்குள்ள வாவுபலி விளம்பரம் இருக்கிற இதழ் எல்லாத்தையும் தனியா எடுத்து வையுங்க, அது வருஷத்துக்கு ஒருக்கா ஆடி அமாவாசைக்குத்தான் வரும், முதல்ல அத அடுக்கிட்டா மத்தத அது நடுவுல செருகிரலாம்.